பத்து மணி நாலு நிமிட மன்னிப்பு

பராகுவேயின் அசுன்சியோனில் கணினி மக்கர் செய்தால் ஞா பிளாசிதா அம்மாவைத்தான் தேடிப் போவார்கள். அலுவலகத்தில் நிரல் எழுதும் நிமியா மூச்சிரைக்க அவர் வாசலில் வந்து நின்றபோது மணி பதினொன்றே கால்.

“இலவசக் கண் ஆபரேஷனுக்குப் பேர் பதியிற பக்கம் படுத்துடுச்சு. யார் திறந்தாலும் நான் எழுதிவச்ச ‘மன்னிக்கவும்’ பக்கம்தான் வருது. பன்னெண்டோட பதிவு முடியுது, அதுக்குள்ள சரியாகலேன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாராம் இயக்குநர். நிரலை மூணு தடவை பார்த்துட்டேன், தப்பே இல்லை!”

“பார்த்தவங்க படம் எடுத்து அனுப்பியிருப்பாங்களே?”

நிமியா கைப்பேசியில் காட்டினாள்: பத்தரைக்கு எடுத்தது ஒன்று, பத்தே முக்காலுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று. மூன்றையும் பிளாசிதா நிதானமாகப் பார்த்தார்.

“மூலையில என்ன, நேரமா?”

“பக்கம் உருவான நேரம். எதுக்கு இந்த அலங்காரம்னு டெர்லிஸ்கூடக் கிண்டல் பண்ணினான்.” டெர்லிஸ், சர்வரைக் கவனிப்பவன்.

மூன்று படத்திலும் 10:04.

அலுவலக முற்றத்தில் இயக்குநர் டொன் போர்ஃபீரியோவையும் டெர்லிஸையும் உட்காரவைத்தார் பிளாசிதா.

“பத்து நாலுக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“தெரெரே குடிச்சிட்டிருந்தோம். அந்த நேரத்துல எவன் வேலை பார்ப்பான்?” என்றார் இயக்குநர். ஊரே வட்டமாக உட்கார்ந்து ஒரே கோப்பையில் மாற்றி மாற்றிக் குடிக்கும் குளிர்ந்த மூலிகைத் தேநீர் அது.

“அப்படித்தான் இன்னொருத்தரும் நினைச்சிருக்கார். ஊரே தெரெரேயில இருக்கும், சர்வரை அணைச்சுப் போட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு.”

டெர்லிஸ் தலையைச் சொறிந்தான். “ஒரே நிமிஷம்தான் ஞா பிளாசிதா...”

“அந்த நிமிஷத்துல யாரோ திறந்திருக்காங்க, மன்னிப்புப் பக்கம் போயிருக்கு. பக்கத்துல ‘மன்னிக்கவும்’, அதைச் சுமந்துபோற, கணினிகள் மட்டும் படிக்கிற உறை மேல ‘எல்லாம் சரி’ன்னு முத்திரை. சர்வருக்கும் பார்க்கிறவங்களுக்கும் நடுவுல நகல் எடுத்து வைக்கிற சேமிப்பு அதை நல்ல பக்கம்னு நம்பி எடுத்துவச்சு, வர்றவங்களுக்கெல்லாம் அதையே நீட்டுது. கோளாறு எப்பவோ போயிடுச்சு. பழைய மன்னிப்புதான் சுத்திட்டிருக்கு.”

நிமியா முன்னால் வந்தாள். “முத்திரையை மாத்த மறந்தது நான்தான்.”

“கடிகாரத்தை வச்சதும் நீதானே! அது இல்லேன்னா நானும் திருதிருன்னு முழிச்சிருப்பேன்.”

டெர்லிஸ் ஓடிப்போய்ச் சேமிப்பைக் காலி செய்தான். நிமியா முத்திரையைத் திருத்தினாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பெயர்கள் மளமளவென்று விழத் தொடங்கின.

“ஆளுக்குப் பாதித் தப்பு. நான் கத்தினது முழுத் தப்பு. நாளைக்கும் வேலைக்கு வந்துடு மகளே” என்றார் இயக்குநர். பதிவு நேரத்தையும் மாலைவரை நீட்டினார்.

பிளாசிதா தெரெரே ஊற்றி முதல் கோப்பையை நிமியாவிடம் கொடுத்தார். குடித்து முடித்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நன்றி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தெரெரே வழக்கப்படி, அதைச் சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் எனக்குப் போதும், எழுந்து போகிறேன் என்று பொருளாகிவிடும். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு வெறும் கோப்பையை நீட்டினாள்.

பிளாசிதா சிரித்துக்கொண்டே மறுபடி ஊற்றினார்.