பூசி அடைத்த பொந்துகள்

கற்குவியலுக்கு எதற்கு இத்தனை மழமழப்பு? வண்டியை நிறுத்தும்போதே யூனிஸின் மனதில் ஓடியது அதுதான். அந்தி வெளிச்சத்தில் பொந்துகள் கறுத்துத் தெரிய வேண்டும். தெரியவில்லை.

தாம்பரத்துக்குக் கிழக்கே அடுக்குமாடிக்காக உடைக்கப்போகும் பாறைமேட்டிலிருந்து ஓணான்களைப் பிடித்து, வண்டலூர் தாண்டி இந்தச் சரிவில் விடுவது அவள் பொறுப்பு. காலை வெயில் முதலில் விழும் இடமாக, எறும்பும் கறையானும் உள்ள மண்ணாகத் தேடி அலைந்திருந்தாள். ஓணான் நுழையலாம், கீரி நுழையக்கூடாது என்று விரல் விட்டுப் பார்த்துப் பார்த்துக் கல் அடுக்கியிருந்தாள். நேற்று சாயங்காலம் பைகளை அவிழ்த்தபோது, ஓணான்கள் ஒவ்வொன்றாகத் தலையை ஆட்டிவிட்டுப் பொந்துக்குள் போய் ஒடுங்கின.

இப்போது எங்கும் சிமெண்ட் வாடை. ஜிஎஸ்டி சாலையின் இரைச்சல் தூரத்தில் தேய்ந்து வர, சில்வண்டுகூடக் கத்தாத அந்தச் சரிவில், கல்லுக்குள்ளிருந்து ஏதோ பிராண்டுவது போன்ற சன்னமான ஓசை, நிற்பதும் தொடர்வதுமாக, அவள் காதருகே வந்து வந்து போனது.

"பாம்பு பூந்துக்கும்னு விடியறதுக்குள்ள பசங்கள வுட்டு பூசிட்டேன் மேடம்," என்றான் கட்டட நிறுவனத்து மேற்பார்வையாளன் தயாளன். நாளை இந்த ஓணான் குடியிருப்பின் திறப்பு விழாவுக்கு முதலாளி வருகிறாராம். "இன்னா, லட்சணமா கீதுல்ல?"

"உள்ள இருந்ததெல்லாம்?"

"ஓடிருக்கும். ஓணானுக்கு இல்லாத எடமா?"

வெயில் ஏறிக் கல் சுட்ட பிறகுதான் அவை வெளியே வரும். அதை இவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. கீழே கிடந்த கம்பியை எடுத்துப் பூச்சைக் குத்தினாள். பெயர்த்தாள். நகம் பிய்ந்தது.

பிராண்டல் நின்றது.

ஒரு சில்லு விழுந்தது. உள்ளே ஒரு தலை. நேற்று செங்கல் சிவப்பில் இருந்த தலை. இப்போது சாம்பல். வாய் நிறையச் சிமெண்ட். கண் குழியில் சிமெண்ட். தொட்டாள். இறுகிப்போயிருந்தது. செத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

தயாளன் குனிந்து பார்க்கவே இல்லை. முதலாளிக்கு அனுப்ப வீடியோ வேண்டுமென்று செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "எல்லாம் பத்திரமா குடியேறிடுச்சுன்னு சொல்லுங்க மேடம். வாயத் தொறக்க கஷ்டமா இருந்தா, தலைய மட்டும் ஆட்டுங்க போதும்."

பொந்துக்குள் அந்தச் செத்த தலை ஆடியது.

மேலும் கீழும்.

பக்கத்தில் பூச்சு விரிசல் விட்டது. இன்னொரு தலை. அதற்கப்பால் இன்னொன்று. சரிவு முழுக்க. குருட்டுத் தலைகள். ஆமாம், ஆமாம் என்று. சத்தமே இல்லை.

போனுக்குப் பின்னால் தயாளனின் தலையும் ஆடிக்கொண்டிருந்தது. அதே தாளம். திறந்த வாய்க்குள் சாம்பல் நிறம்.

அவள் கழுத்து அசைந்தது. தானாக.

இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன்," என்றாள் மெதுவாக.