மேன்ஹோல் ஓரத்துச் செருப்பு

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் செருப்பு கடிப்பது பெனடிக்டுக்குத் தெரிந்தது. காலையில் வார் அறுந்த செருப்பை வெளியே வீசிவிட்டு வெறுங்காலோடுதானே ஷெட்டுக்குள் போனான்? இப்போது காலில் கிடப்பது யாருடையது?

திருவெறும்பூர்ப் பக்கம் டேங்க் செய்கிற அந்தப் பாழாய்ப்போன ஷெட்டில் சேர்ந்தவனுக்கு முதல் மாசம் தலைவலி, அடுத்த மாசம் மூக்கு செத்துவிடும், அப்புறம் எதுவுமே உறைக்காது. தின்னர் நெடியும் வெல்டிங் புகையும் ரோட்டோரச் சாக்கடையும் ஒன்றாய்க் குழைந்து சோற்றில்கூட ஏறிக்கொள்ளும், பெண்டாட்டி செலின் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லி மூக்கைப் பொத்துவாள், இவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவள் தம்பி அற்புதசாமியையும் இவன்தான் போன மாசம் இழுத்துவந்து சேர்த்துவிட்டான். பெரிய உபகாரம்!

அங்கே ஒரு வழக்கம். டேங்குக்குள் பெயின்ட் அடிக்க இறங்குகிறவன், ஆள் நுழையும் வாயான மேன்ஹோல் ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகணும். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கு. இல்லையென்றால் மூடிவிடலாம்.

இன்றைக்கு உள்ளே இறங்கியது மாமனும் மச்சானும். தலை கிறுகிறுத்து முதலில் வெளியே வந்தவன் பெனடிக்ட். கால் தானாக எதிலோ நுழைந்தது.

கிளாஸை வைத்துவிட்டு ஓடினான். ஓடும்போதும் நெஞ்சு பதறவில்லை. அதுதான் அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

ஃபிட்டர் செந்தமிழன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, டேங்க்..."

"மூடிட்டேன்ப்பா. குரல் குடுத்தேன், பதிலில்ல. செருப்பும் இல்ல. ரெண்டு பேரும் டீக்குப் போயிட்டீங்கன்னு..." அவர் பார்வை பெனடிக்டின் காலுக்கு இறங்கியது. "அடப்பாவி!"

உள்ளேயிருந்து தட்டும் சத்தம். டொக். டொக்.

"இருக்கான்! மாப்ள, இரு, வந்துட்டேன்!"

ஸ்பேனர் வழுக்கியது. ஒரு போல்ட். இன்னொன்று. சத்தம் நிற்கவே இல்லை. இவன் பேசினால் வேகமாக, பேசாவிட்டால் மெதுவாக. செலினிடம் என்ன சொல்வது என்ற யோசனைகூட வேறு யாரோ வீட்டுக் கவலைபோல எங்கோ ஓடியது.

மூடி விலகியது.

வாயருகிலேயே அற்புதசாமி கிடந்தான். இருவரும் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். கட்டைபோல விறைத்திருந்தான். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள்ளா? செந்தமிழன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்.

"போயிட்டான்ப்பா."

டொக்.

செந்தமிழன் டேங்கைத் திரும்பிப் பார்த்தார்.

டொக். டொக். டேங்கின் அந்தக் கோடியில்.

"உள்ள வேற யாரு?" செந்தமிழன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

யாரும் இல்லை. இறங்கினதே ரெண்டு பேர்.

பெனடிக்ட் டார்ச்சை உள்ளே நீட்டினான். ஈரம் காயாத சிவப்புப் பெயின்ட். அதில் ஒரு கை அச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று. அடுத்தது கொஞ்சம் கிட்டத்தில். இன்னும் கிட்டத்தில்.

கையை எடுக்கணும். தெரிந்தது. முடியவில்லை.

அடுத்த அச்சு சுவரில் விழவில்லை. டார்ச்சைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டைச் சுற்றி, ஈரமாக, ஐந்து விரலும் பதிந்தது.