வாலில் செதில் இல்லாத மீன்

நாற்பத்திரண்டு நாள் கட்டிய மீன் நாலே நிமிடத்தில் மூழ்கியது.

சனிக்கிழமை காலை 7.10. ஆற்றிலிருந்து பொறுக்கிய பிளாஸ்டிக்கால் ஊரே சேர்ந்து செய்த பதினைந்தடி மீன் அது. நாளை நகரசபைக்காரர்கள் கரைக்கு வரும்போது அது மிதக்க வேண்டும். ஆற்றைச் சுத்தம் செய்யச் சொல்லி அவர்களிடம் கேட்க வேண்டும். இன்று வெறும் ஒத்திகைதான். நாலு பேர் கயிற்றை இழுத்ததில் மீன் சேறு வழியக் கரையேறியது.

வயிற்றுத் துணியின் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள் சொட்டு. அவளுக்கு நீர் ஆய்வகத்தில் வேலை. தினமும் ஆற்றுத் தண்ணீரில் சொட்டு எடுத்துச் சோதிப்பதால் அந்தப் பெயர். மிதப்பதற்காக உள்ளே அடுக்கிய முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டில்களிலும் தண்ணீர். ஒன்றில்கூட மூடி இல்லை.

"யாரோ வேணும்னே கழட்டியிருக்காங்க," என்றாள்.

"ஐயோ, என் மீனு!" என்றார் ஓவியர். மீனுக்கு வடிவம் கொடுத்தவர்; ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"குப்பை ஊரோடது, மீனு மட்டும் இவங்களோடது," என்று முணுமுணுத்தாள் அக்கா, சொட்டுவின் கூடப்பிறந்தவள்.

"ஆத்துல கழிவு விடுற சாயப்பட்டறை ஆளுங்க வேலைதான் இது. நேத்து சாயங்காலம் கிளம்பும்போது அவங்க வாட்ச்மேன் நம்ம கொட்டகைக்குள்ள போனத நானே பார்த்தேன். இப்பவே போலீசுக்குச் சொல்றேன்," என்று போனை எடுத்தார் ஓவியர்.

"கலைஞரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் அக்கா. "எனக்கென்ன."

7.25. விஷயம் கேள்விப்பட்டு சாயப்பட்டறைக் காவலாளி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"தண்ணி குடிக்கப் போனேம்மா. புகார்னு ஒண்ணு போச்சுன்னா முதலாளி இன்னைக்கே சீட்டக் கிழிச்சிருவாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க எனக்கு."

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தீங்கண்ணே?" என்று கேட்டாள் சொட்டு.

"அஞ்சு நிமிஷம். உங்க அக்காதான் மோந்து குடுத்தாங்க."

சொட்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா ஆற்றைப் பார்த்தாள்.

"எட்டு மணி வரைக்கும் பொறுங்க," என்றாள் சொட்டு ஓவியரிடம்.

7.35. கொட்டகைச் சுவரில் செய்தித்தாள் படம் ஒட்டியிருந்தது. நடுவில் மீனும் ஓவியரின் சிரிப்பும். ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும். ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் சேற்றில் இறங்கிக் குப்பை பொறுக்கிய அக்காவின் முழங்கை.

படத்துக்குக் கீழே மூன்று டப்பாக்கள். நீல மூடிகள், வெள்ளை மூடிகள், பச்சை மூடிகள்.

"அது எப்பவும் இருக்கிறதுதான்," என்றார் பின்னால் வந்த ஓவியர். "சேரச் சேர அக்கா நிறம் பிரிச்சுப் போடுவாங்க."

"மீனுக்கு வால் ஏன் மொட்டையா இருக்கு?"

"செதில் ஒட்ட மூடி பத்தல. வியாழக்கிழமையே எல்லாம் தீர்ந்துபோச்சு."

"நேத்து யாராவது குப்பை பொறுக்கினாங்களா?"

"இல்லையே. துணியக் கட்டி முடிச்சு, நாலு மணிக்குக் கிளம்பிட்டோம். அக்காதான் பூட்டிட்டு வர்றேன்னாங்க."

சொட்டு தரையில் உட்கார்ந்து டப்பாக்களைக் கவிழ்த்தாள்.

7.55. கரையில் எல்லோரும் நின்றார்கள். நாலு பேர் முன்னால் பேசினால் சொட்டுவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று சேற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வியாழக்கிழமை டப்பாவுல ஒரு மூடி மிச்சமில்ல. இப்ப முந்நூத்திப் பன்னெண்டு இருக்கு. எண்ணிட்டேன். எல்லாம் மீன் வயித்துல இருந்தது. இத்தனையும் அஞ்சு நிமிஷத்துல கழட்ட முடியாது. கெடுக்க வந்த வெளியாளா இருந்தா மூடிய ஆத்துல வீசியிருப்பான், இருபதடிதான் தூரம். கழட்டினவங்களால அது முடியல. உட்கார்ந்து நிறம் பிரிச்சிருக்காங்க. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதும்பாங்க. பிரிச்ச கையும் அப்படித்தான்."

ஓவியர் போனை மெல்ல இறக்கினார்.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம் வேணாம்க்கா," என்றாள் சொட்டு. "அண்ணனுக்கு வேலை போயிரும். நீயே சொல்லிடு."

'எனக்கென்ன' என்றுதான் பதில் வரும் என்று நினைத்தாள்.

"நான்தான் கழட்டினேன்." அக்கா ஓவியரை நேராகப் பார்த்தாள். "ஆத்துல போட மட்டும் மனசு வரல. ஆறு வருஷமா பொறுக்கினேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நீ வந்து ஒரு மீனு செஞ்ச, ஊரே கரைக்கு வருது. பொறாமை. வேற ஒண்ணுமில்ல, பொறாமைதான்."