மிதந்தவை

குடுவையில் செத்து மிதக்க வேண்டியவை மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

போன மாதமே கொட்டிக் கழுவியிருக்க வேண்டிய குடுவை. ஆய்வகத்தில் செல் வளர்க்கும் இன்குபேட்டரின் மூலையில், மற்றவற்றுக்குப் பின்னால், கண்ணில் படாமல் தங்கிவிட்டது. கதவைத் திறந்ததும் ஈரமண்ணில் அழுகிய வேரின் வாடை முகத்தில் அடிக்க, அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு காட்டுக்கொடியின் வேர்ச்சாற்றை ஊற்றியதும் அடிப்பரப்பிலிருந்து கழன்று மிதந்த புற்றுநோய் செல்கள், ஒழிந்தது சனியன் என்று அவள் நினைத்திருந்த செல்கள், உட்புறக் கூரையில் வெள்ளைப் படலமாக அப்பியிருந்தன.

ஒட்டியிருந்தால் உயிர், மிதந்தால் பிணம். அந்த ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். மிதப்பதை எடுத்துச் சோதித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை? தொட்டியில் கொட்டு, அடுத்த வேலையைப் பார். மற்ற குடுவைகளை அவளும் கொட்டினாள். கொட்டிவிட்டு, எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்காத சாற்றை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம்பிக்குக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள், பாவம்? டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கூடப்பிறந்தவன் கழுத்தில் கட்டியோடு கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தான்.

கட்டி வற்றியது. "உன் வேர்த்தண்ணி சாக்கடை மாதிரி நாறுது. ஆனா கில்லாடிக்கா நீ" என்று அவன் சிரித்த அன்றுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது குடுவையின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தாள். படலம் அசைந்தது. அவசரமே இல்லாமல், விரலின் சூட்டைத் தேடி ஊர்ந்து வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குவிந்தது. விரலை நகர்த்தினாள். அதுவும் நகர்ந்தது.

போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள். பொழுது சாய்ந்திருந்தது. வாசலிலேயே அந்த வாடை. உள்ளே மின்விசிறியின் முனகல், குழாய் சொட்டும் ஓசை, அதற்கும் அடியில் ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல் ஏதோ ஒரு சத்தம். தம்பி சட்டையில்லாமல், முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா இருட்டுல உக்காந்திருக்க? லைட்ட போடவா?"

"வேணாங்க்கா. பாக்க சகிக்காது."

"என்னடா ஆச்சு?"

"கட்டி செத்துப்போச்சுன்னு சொன்னியே. சாகலக்கா. கிளம்பிடுச்சு."

அதைத் தடுக்க ஒரு மருந்தும் கிடையாது. அது அவளைவிட யாருக்குத் தெரியும்? சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் செய்வதுபோல் முதுகில் கையை வைத்தாள். அது ஒன்றுதான் அவளால் முடிந்தது.

தோலுக்கடியில் வந்தன. கழுத்திலிருந்து. விலாவிலிருந்து. இடுப்பிலிருந்து. பட்டாணி பட்டாணியாக. அவள் உள்ளங்கைக்குக் கீழே கூடின.

"அப்பாடா. அப்படியே வச்சிரு அக்கா. அங்க மட்டும் வலிக்கல."

தாங்க முடியவில்லை. கையை உதறி எடுத்தாள். பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

ஜன்னல் வழியே தெருவிளக்கின் வெளிச்சம். அவன் முதுகில் ஒரு கை புடைத்திருந்தது. உள்ளங்கை. விரல்கள். கோணலான சுண்டுவிரல். அவளுடைய கை.

"எடுத்துடாதக்கா" என்றான் தம்பி, தூக்கம் சொக்க.

தோலுக்கடியில் அந்தக் கை அவனை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.