வெள்ளியங்கிரியின் காதில் அடித்த மணி

விடிந்ததும் கொங்கூரில் எல்லோருடைய இரத்தமும் மருத்துவமனைக்கு ஆஜர் சொல்லிவிடும். செவ்வாய்க் கிரகத்தில் பிறக்கும் குழந்தைக்குக் காது குத்துவதற்கு முன்பே நாடித்துகள் ஏற்றிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் இரத்தக் குழாய்களுக்குள் நீந்திக்கொண்டே சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கோபம் எல்லாவற்றையும் அளந்து மருதனுக்குச் சேதி அனுப்பும். மருதன் என்பது ஊரின் மருத்துவ எந்திரன். "நேத்து ரெண்டாவது தடவை பாயசம் வாங்கிக் குடிச்சீங்களே, இன்னிக்கு நடந்தே வேலைக்குப் போங்க" என்று சுவருக்குள்ளிருந்து அது அதட்டுவதைக் கேட்டுக்கொண்டுதான் ஊரே பல் தேய்க்கும்.

அதட்டினாலும் பொய் சொல்லாது. மெய்யுரை விதி என்று ஒன்றை அதன் மூளையில் பதித்திருந்தார்கள். நோயாளிக்குப் புரியாத சொல்லை அது பேசக் கூடாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் கூடாது.

பூமியிலிருந்து வந்த பழைய மருத்துவச் சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்ல மட்டும் ஒரு மனுஷி இருந்தாள். பெயர் நப்பின்னை. அந்த வேலை அவளுக்கு வெல்லக்கட்டி. 'மசில்' என்ற சொல்லுக்குச் சுண்டெலி என்று அர்த்தம், புஜத்தை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி இருந்ததாம் ரோமானியர்களுக்கு என்பாள். 'வாக்சின்' என்ற சொல்லுக்குள் ஒரு பசு நிற்கிறது என்பாள். கேட்கத்தான் ஆளில்லை. மருதன்தான் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிவிடுகிறதே!

அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்தவளின் அறைக்குள் ஒரு நாள் வெள்ளியங்கிரி நுழைந்தார். துருவத்திலிருந்து வரும் பனிக்கட்டியை உருக்கி ஊருக்கே தண்ணீர் விடுகிறவர். பனியுருக்கி எந்திரத்தின் பிடிவாதம் முழுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பின்னால் அவர் மனைவி தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அம்மணி, என்ற காதுக்குள்ள மணி அடிக்குதுங்க. ராவும் பகலும் ஙொய்யுன்னு ஒரே சத்தம். உங்க மருதன் தலையை மூணு தடவை அலசிப்போட்டு, ஆபத்து ஒண்ணுமில்லை, காரணம் தெரியலைங்கறான். தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா?"

"தெரியாததைத் தெரியலைன்னுதானே அண்ணா சொல்லணும்?"

"அதெப்படிங்க! பேரு தெரியாத சீக்கோட எப்படிப் படுத்துத் தூங்கறது? நான் பூமிக்குப் போறேன். அடுத்த வாரக் கப்பல்ல சீட்டுப் போட்டாச்சு."

"போனா வர மூணு வருஷம் ஆகுமுங்க அக்கா" என்று தெய்வாத்தாள் நப்பின்னையிடம் விம்மினாள். "இவரில்லாம நான் என்ன பண்ணுவேன்? ஊரு தண்ணிக்கு என்ன பண்ணும்?"

போன தடவை இவருக்குக் காய்ச்சல் வந்தபோது ஊர் முழுக்கத் தண்ணீரில்லாமல் ஈரத் துணியால் முகம் துடைத்துக்கொண்டது நப்பின்னைக்கு நினைவு வந்தது. யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கும் மனம் வராது. சட்டென்று முகம் மலர்ந்தது.

"அண்ணா, உங்க சீக்குக்குப் பேரு இருக்கு. இடியோபதிக் டின்னிட்டஸ்."

வெள்ளியங்கிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொருக்கா சொல்லுங்க."

"இடியோபதிக் டின்னிட்டஸ். அதுக்கு என்ன அர்த்தம்னா..."

"அர்த்தமெல்லாம் எதுக்குங்க அம்மணி? இத்தன நீளமா பேரு வெச்சிருக்கறாங்கன்னா, எவனோ ஒருத்தன் முழுசாப் படிச்சுத்தானே வெச்சிருப்பான்!" மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டயா ஆத்தா? டின்னிட்டஸாமா!" அந்தக் கணமே சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது என்றார்.

இருவரும் போன பிறகு மருதன் சுவரிலிருந்து கேட்டது: "டின்னிட்டஸ் என்றால் லத்தீனில் மணியோசை. இடியோபதிக் என்றால் கிரேக்கத்தில் தனக்கே உரிய நோய், அதாவது காரணம் தெரியவில்லை. அவர் தமிழில் சொன்னதையும் நான் தமிழில் சொன்னதையும்தான் நீங்கள் திருப்பிச் சொல்லியிருக்கிறீர்கள். அவருடைய நாடி எப்படி இறங்கியது?"

"உனக்குப் புரியாது மருதா" என்று சிரித்தாள் நப்பின்னை.

சீட்டு ரத்தானது. மறுநாள் காலை அவள் அறை வாசலில் வரிசை நின்றது. தேநீர்க்கடையில் வெள்ளியங்கிரி அடித்த தம்பட்டம் அப்படி! சின்னராசுவின் வழுக்கை 'அலோபீசியா' ஆயிற்று. நரிக்குச் சொறி பிடித்து ரோமம் கொட்டியதைப் பார்த்துக் கிரேக்கர் வைத்த பெயர் அது என்பதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். அவர் கேட்கக் காத்திருக்கவில்லை, மார்பை நிமிர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. எல்லாம் தெரிந்த ஒருத்தியின் மெல்லிய சிரிப்பு அவள் உதட்டில் நிரந்தரமாகக் குடியேறியது. பாவம், ஜனங்கள்!

பூமிக் கப்பல் கிளம்பிய வாரத்தில் அவளுக்கே தலைவலி வந்தது. அன்று கணவன் சுதாகரனின் தங்கை வீட்டில் விருந்து.

"சாதாரணத் தலைவலிதானே, ஒரு காப்பி குடிச்சா போயிரும். கிளம்பு" என்றான் அவன்.

"இது சாதாரணத் தலைவலி இல்லை" என்று சொல்லிவிட்டு நேராக மருதனிடம் போனாள்.

"உங்கள் இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஆபத்தும் இல்லை. காரணம் தெரியவில்லை" என்றது மருதன்.

"தெரியலையா? உடம்பு பூரா இத்தனை துகளை ஓடவிட்டுட்டு, தெரியலைன்னா என்ன அர்த்தம்? நான் என்ன நடிக்கிறேனா?"

மருதன் மெய்யுரை விதியை ஒருமுறை புரட்டிப் பார்த்தது. நோயாளிக்குப் புரியாத சொல்லைத்தான் விதி தடுத்தது. இந்த நோயாளிக்குக் கிரேக்கம் நன்றாகவே புரியும்.

"இடியோபதிக் செபலால்ஜியா" என்றது.

கெஃபலே என்றால் தலை, ஆல்கோஸ் என்றால் வலி. அவள் மனம் தானாகவே சொல்லைப் பிரித்துப் போட்டது. காரணம் தெரியாத தலைவலி. அவ்வளவுதான். ஆனாலும் நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்தது மெல்ல அடங்குவதை அவள் உணர்ந்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு தொலைபேசியில் சுதாகரனைக் கூப்பிட்டாள்.

"நீங்க மட்டும் விருந்துக்குப் போயிட்டு வாங்க" என்றாள். "நான் அப்பவே சொன்னேன்ல, இது சாதாரணத் தலைவலி இல்லைன்னு!"