‘ங்க’ இல்லாத குரல்

சைரன் அலறியது. நல்லசிவம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். காலை பதினொன்றே கால். தர்மபுரியைத் தாண்டிய நெடுஞ்சாலையில் வெயில் தகதகத்தது. லாரி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“ஓட்டுநர் நல்லசிவம், கடந்த ஒரு நாளில் ஆறு மணி நேரம் தூங்கினீர்களா?” என்று தூக்கக் கணக்கைப் பதியும் விழிப்பேடு கேட்டது.

“இல்லீங்க. ரெண்டு மணி நேரங்கூடத் தேறாதுங்க.”

“பதிவாகிவிட்டது. ஓய்விடம் கிடைத்ததும் லாரி நிறுத்தப்படும். காத்திருக்கவும்.”

ஒன்பது நாளாக இதே பதில்தான். ஓய்விடம் மட்டும் கிடைக்கவே இல்லை.

சமவெளியில் தன்னோட்ட லாரியை இயந்திரமே ஓட்டும். மலை இறக்கத்திலும் ஊருக்குள்ளும் ஸ்டியரிங் மனிதன் கைக்கு வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓட்டுநர் விழித்திருக்க வேண்டும். கண்ணை மூடினால் இருக்கை அதிரும், சைரன் அலறும். சரக்கு ஏற்றி இறக்கும் இடைவெளிகளில் கிடைப்பதுதான் தூக்கம்.

தூக்கத்தை அளக்க முன்பு கையில் பட்டை கட்டினார்கள். முதலாளிகள் பட்டையை நாய்க்குக் கட்டித் தூங்கவிட்டார்கள். வழக்கு நடந்தது. இனி ஓட்டுநரின் வாய்ச்சொல்தான் சாட்சி என்று தீர்ப்பு வந்தது. பொய் சொன்னால் ஓட்டுநர் உரிமம் ஆயுளுக்கும் ரத்து. பொய் சொல்ல வைத்தவருக்கு என்ன தண்டனை என்று தீர்ப்பில் இல்லை.

நல்லசிவத்தைப் பொய் சொல்ல வைக்க மேலாளர் சென்னியப்பன் பார்க்காத வழியில்லை. முதலில் கெஞ்சினார். பிறகு, மற்ற முப்பது பேரும் ஒத்துக்கொண்டபோது நீ மட்டும் என்ன அரிச்சந்திரனா என்று திட்டினார். போன மாதம் திடீரென்று வற்புறுத்துவதை விட்டுவிட்டார். பார்த்தால் சிரிக்கவும் செய்தார். நல்லசிவத்துக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

தொப்பூர் இறக்கத்துக்கு முந்தைய சோதனைச் சாவடியில் லாரி நின்றது. ஸ்டியரிங்கைக் கையில் எடுப்பவரின் கண்ணைப் பரிசோதிப்பது அங்கே வழக்கம். திரையில் நகரும் புள்ளியைப் பார்வையால் தொடர வேண்டும். நல்லசிவம் மூன்று முறையும் புள்ளியைத் தவறவிட்டார். ஆய்வாளர் ஜெபராணி தூத்துக்குடிப் பெண். எரிச்சலோடு அவருடைய விழிப்பேட்டைத் திறந்தார்.

“என்ன அண்ணாச்சி, கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு. ஏட்டுல தெனமும் ஆறு மணி நேரம் தூங்குனதால்லா சொல்லியிருக்கீங்க? இந்த ஒரு பதிவுக்கே உரிமம் போயிரும், தெரியுமா?”

தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் நல்லசிவம். எல்லாரும் சொல்வதுதான் என்று ஜெபராணி ஒலியை ஓடவிட்டார்.

‘தூங்கினேன். ஆறு மணி நேரம்.’

அவருடைய குரலேதான். தொண்டையில் எப்போதும் இருக்கும் அந்தக் கரகரப்பு உட்பட. குரல்முத்திரை நூறு விழுக்காடு பொருந்துவதாகத் திரை காட்டியது. நல்லசிவம் இன்னொரு நாள் பதிவைக் கேட்டார். அதற்கு முந்தைய நாளையும் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

“மேடம், இது நானில்லைங்க. பதினாறு வருசமா இந்த மெசினுக்குக்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேசறனுங்க. இதுல ஒரு எடத்துலகூட ‘ங்க’ காணமுங்க.”

ஜெபராணி சிரித்துவிட்டார். ஆனாலும் கை போன வருடத்துப் பதிவுகளைத் தேடியது. ‘தூங்குனனுங்க.’ ‘இன்னிக்குத் தூங்கலைங்க.’ ‘அசதியா இருக்குதுங்க.’ இப்படியே வந்தது. ஒன்பது நாளுக்கு முன்னால் அந்த மரியாதை சட்டென்று நின்றிருந்தது. ஜெபராணியின் சிரிப்பும் நின்றது.

நம்புகிறேன், ஆனால் சட்டத்தில் ‘ங்க’வுக்கு இடம் இல்லை என்றார். குரல்முத்திரையை மறுக்க வேண்டுமானால் வீட்டு ஆள் ஒருவரின் சாட்சி வேண்டும். தூங்கினது, தூங்காதது எல்லாம் தினமும் யாரிடமாவது சொல்வதுண்டா என்று கேட்டார்.

மனைவி துளசிமணியிடம் எதையும் மறைத்ததில்லை என்றார் நல்லசிவம். ஆனால் சொந்த போனுக்குக் கம்பெனியில் அனுமதியில்லை; கேபின் போனும் ஒன்பது நாளாக வேலை செய்யவில்லை. சரிசெய்யச் சொல்லியிருப்பதாகச் சென்னியப்பன் சொன்னார். இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததே இல்லை, அவள் பதறிப்போயிருப்பாள்.

“அது போதும் அண்ணாச்சி. ஒம்பது நாளா உங்ககிட்டருந்து பேச்சே இல்லைன்னு அவங்க வாயால சொன்னா, கம்பெனிக்காரன் லைனை அறுத்திருக்கான்னு நான் எழுதிருவேன். உரிமம் தப்பிச்சிரும்.”

சாவடியின் போனில் எண்ணைப் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். நல்லசிவம் நாற்காலியின் நுனிக்கு வந்தார். நான்காவது மணியில் துளசிமணி எடுத்தாள்.

“துளசி, நாந்தான் பேசறன்” என்றார். கண் கலங்கியது. “தொப்பூர்ச் சாவடியில இருக்கறன். இங்க மேடம் ஒண்ணு கேப்பாங்க, உள்ளதைச் சொல்லு.”

துளசிமணியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“அவரு தெனமும் மாதிரி இப்பத்தானுங்க பேசிட்டு வெச்சாரு, நல்லாத் தூங்குனேன்னு சொன்னாரு. நீங்க யாருங்க?”