றெக்சன் வாங்கிய பால்மா

றெக்சன் எழுந்தான். முகம் கழுவினான். கேத்திலில் தண்ணீர் வைத்தான். தேநீர் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி இறந்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். இன்று மட்டும் கர்ப்பிணித் தங்கை மெலனியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். அவள் கணவன் கட்டாரில் வேலை செய்கிறான்.

கிளினிக் வாசலில் மழை பிடித்துக்கொண்டது. மெலனியை உள்ளே விட்டுத் திரும்பியவன், வேகமாக வந்த மருத்துவிச்சியோடு மோதினான். அவன் கையிலிருந்த பை கிழிந்தது. பால்மா டின் உருண்டு அவள் காலடியில் நின்றது.

"ஆருக்கு இது?"

"தங்கச்சிக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கு."

"பிள்ளை இன்னும் பிறக்கேல்லை... அதுக்குள்ள மாமா சமையல் தொடங்கிட்டாராக்கும்!"

வாசல் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். மருத்துவிச்சிக்கு இமையில் மழைத்துளி தங்கிய பெரிய கண்கள்... ஒரு கணம்தான் பார்த்தான். காது சுட்டது. டின்னை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

மழையில் எதிரே இருந்த துறைமுகமே தெரியவில்லை. கூரையோரம் நின்றவனிடம் அவளே வந்தாள்.

"நான் சுதர்ஷிகா. மெலனி இப்பதான் சொன்னவ... உங்கட மனிசியும் வயித்துப் பிள்ளையும் ஒண்டாப் போனதெண்டு. தெரியாமப் பகிடி பண்ணிட்டன். மன்னியுங்கோ."

"தாய் இல்லாமப் போனா... பிள்ளை பசியில அழக்கூடாது. அதுக்குத்தான் வாங்கினனான்."

அவள் கண்கள் நிறைந்தன. குரல் மட்டும் தளரவில்லை.

"மெலனியை நாங்கள் கவனமாப் பாக்கிறம். பிறந்த உடன பிள்ளையை நெஞ்சில போட்டு முதல் பால் குடுக்கிறதுக்கு இப்பவே சொல்லிக் குடுக்கிறம். உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. வாங்கோ."

"எனக்கா?"

"பிள்ளையோட கதைக்கிறது. இப்ப அதுக்குக் காது கேக்கும்."

உள்ளே போய் மெலனியின் கதிரையருகே குந்தினான். என்ன சொல்வது...

"மாமா வந்திருக்கிறன்."

உள்ளிருந்து ஒரு உதை! மெலனி துள்ளினாள்.

"என்னோட கூட நீங்கள் இப்பிடிக் கதைச்சதில்லை அண்ணா!"

சுதர்ஷிகா சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அதன் பிறகு ஒரு கிளினிக் நாளையும் அவன் தவறவிடவில்லை. மருமகனோ மருமகளோ, அவன் குரலுக்கு உதைத்தது. சுதர்ஷிகா நக்கலடித்தாள். அவன் பதில் சொல்லப் பழகினான். ஒரு நாள் தனியாக வந்து நின்றான்.

"மெலனி எங்க?"

"மச்சான் கட்டாரிலயிருந்து வந்திட்டார். அவர் கூட்டிக்கொண்டு வாறார்."

"அப்ப நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை.

"உங்களைப் பாக்க. இன்னொருக்கா இழக்க என்னால ஏலாது, சுதர்ஷிகா... அந்தப் பயத்தில எத்தினையோ தரம் வராம விடப் பாத்தனான். அதுவும் ஏலாமப் போச்சு. எனக்கு உங்களில விருப்பம்."

அவள் தலை குனிந்தாள். நிமிர்ந்தபோது அந்தக் கண்களில் குறும்பும் ஈரமும் ஒன்றாக நின்றன.

"எனக்கும் பயம்தான்... கிளினிக் முடியுமட்டும் நில்லுங்கோ. எங்கட அம்மாட்ட என்ன சொல்லுறதெண்டு ரெண்டு பேருமா யோசிப்பம்."